கைமாறிய தொழிற்சாலை



இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட நேரம். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் என்னிடம் படித்த பெண்ணின் தாயார் வேலியோரம் காத்துக்கொண்டு நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி, மகளைப் படிவம் ஐந்து வரை படிக்க வைத்தவர். அந்தப் பெண் இப்போது பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில், மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள்.

"சார், அவ வேலை செய்யுற கம்பெனிய வித்துட்டாங்களாம்."

"யார் வாங்கினாங்களாம்க்கா?"

"அதெல்லாம் தெரியல சார். புதுசா வந்தவங்க மொத நாளே கூட்டம் போட்டு, சாமானெல்லாம் ரிஜெக்ட் ஆயி திரும்பி வருது, நீங்க யாரும் சரியா வேலை செய்யறதில்லன்னு சொல்லிட்டாங்களாம். பிள்ள ராத்திரியெல்லாம் தூங்கல. அவ கைதான் சரியில்லையா சார்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன், சில விவரங்களைத் தேடிப் படித்தேன். அவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சொத்து கைமாறுவது நமக்குப் புதிதல்ல, நேயர்களே. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் பலர் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லையே நம் தாத்தா பாட்டிமார் அச்சத்தோடுதான் உச்சரிப்பார்கள். அந்த அச்சத்திலிருந்துதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பிறகு 1981 செப்டம்பரில், லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்த கதையையும் பெரியவர்கள் அறிவார்கள்.

ஆனால் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தை யார் வாங்கினாலும் மரம் மரமாகவே நிற்கும்; விடிந்தால் பால் சுரக்கும். தொழிற்சாலையில் அப்படி இல்லை. செய்கிற பொருளின் பெயர் ஒரு முறை கெட்டுவிட்டால் வாங்குகிறவன் வேறு கடைக்குப் போய்விடுவான். நொடித்துப்போன தொழிற்சாலையை வாங்குகிறவன் கட்டடத்தையும் இயந்திரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. அந்தக் கெட்ட பெயரையும் சேர்த்தே வாங்குகிறான். அதைத் துடைப்பது எப்படி? இதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சென்னையில் இருக்கிறது.

என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் ஒரு முறை ஊருக்குப் போய்வந்தவர். ஊரில் பார்த்தவற்றில் அவர் ஓயாமல் சொன்னது இன்ஸ்பெக்டரின் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே 'டப், டப், டப்' என்று ஓசை வந்துவிடுமாம். அதைக் கேட்டதும் தெருவில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவிடுவார்களாம். அந்த வண்டி சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் செய்யப்பட்டது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்ஃபீல்டு நிறுவனம், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. ராணுவமும் காவல்துறையும் வாங்கின. தாய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் மூடப்பட்டுவிட்டது. சென்னைப் பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிழைத்ததே தவிர வளரவில்லை. 1955-இல் வந்த அதே வடிவம், அதே வார்ப்பிரும்பு எஞ்சின், நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருந்தது. 1980-களில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்களின் சிறிய வண்டிகள் இந்தியாவுக்குள் வந்தன. எண்ணெய் குறைவாகக் குடித்தன, தொந்தரவு கொடுக்கவில்லை. புல்லட் வைத்திருப்பவரோ ஒரு கையில் திருகுசாவியும் மறு கையில் துணியுமாக அலைந்தார். நிறுத்திய இடத்தில் எண்ணெய் ஒழுகும். மின்கம்பிகள் பழுதாகும். ஓடும்போதே எஞ்சின் இறுகி நிற்கும். காலையில் வண்டியைக் கிளப்புவதே ஒரு கலை; ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சின்ன நெம்புகோல் ஒன்றைப் பிடித்து, சரியான தருணத்தில் உதைக்க வேண்டும். தப்பாக உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும்.

டிராக்டர் தயாரிப்பில் பெயர்பெற்ற ஐஷர் நிறுவனம் 1990-இல் இந்தத் தொழிற்சாலையின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 1994-இல் முழுவதும் ஐஷர் வசமாகியது. 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரும் வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வாங்கியவுடன் பொருள் சரியாகிவிட்டதா? இல்லை. ஆறு ஆண்டுகள் ஓடின. பெயர்ப்பலகை மாறியது, கணக்குப் புத்தகம் மாறியது. எண்ணெய் ஒழுகுவது மட்டும் மாறவில்லை. மாதத்துக்கு 6,000 வண்டி செய்யக்கூடிய அமைப்பு இருந்தும் விற்றது ஏறக்குறைய 2,000 தான். 2000-ஆம் ஆண்டில், இதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று இயக்குநர்கள் பேசும் நிலை வந்துவிட்டது. அப்போதுதான் ஐஷர் குடும்பத்து வாரிசான சித்தார்த்த லால், 26 வயது இளைஞர், எனக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்று கேட்டுப் பொறுப்பை ஏற்றார்.

முதலாளி மகன் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தான் விற்கும் வண்டியைத் தானே ஓட்டுபவர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார், மற்ற புல்லட்காரர்களோடு சேர்ந்து போனார். வண்டி வழியில் நின்றால் அவரும்தான் வெயிலில் நிற்க வேண்டும். அறிக்கையில் படிப்பதும் வெயிலில் நிற்பதும் ஒன்றாகுமா?

சரி, எண்ணெய் ஏன் ஒழுகியது? தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். வீட்டில் குக்கர் இருக்கிறது. மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஒரு ரப்பர் வளையம். வளையம் தேய்ந்தாலோ, மூடி சற்றே கோணினாலோ அந்த இணைப்பில்தான் ஆவி சீறும்; பாத்திரத்தின் வயிற்றில் சீறுவதில்லை. இரண்டு பொருள்கள் சேருகிற இடமே கசிகிற இடம். பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்ப் பெட்டி தனி. இரண்டையும் திருகாணி போட்டு இணைத்திருந்தார்கள். இணைப்புகள் அதிகம், எனவே கசிவும் அதிகம். அதோடு, சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரண்டு உலோகங்களும் சேருகிற இடத்தில் ஓயாத இழுபறி. நாளடைவில் பிடிப்பு தளரத்தான் செய்யும்.

அப்படியானால் பாருங்கள்: திருவொற்றியூர்த் தொழிலாளி எவ்வளவு கவனமாக அந்தத் திருகாணியை முறுக்கினாலும், ஓராண்டு கழித்து அந்த வண்டி ஒழுகவே செய்யும். குறை அவன் கையில் இல்லை. அந்த வண்டியை வரைந்த தாளில் இருந்தது.

அதற்காக எல்லாப் பழியும் தாளுக்குத்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து வாங்கிய உதிரிப் பாகங்களின் தரம் ஒருபடித்தாக இல்லை. தொழிற்கூடத்தில் செய்முறைகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை. எனவே புதிய நிர்வாகம் பாகம் கொடுப்பவர்களின் தரத்தையும், வேலை நடக்கும் முறையையும், விற்ற பிறகு வருகிற புகார்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம், ஆஸ்திரிய நாட்டின் ஏ.வி.எல். என்ற எஞ்சின் நிறுவனத்தின் உதவியோடு அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். அடுத்த கட்டமாக எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புதிய எஞ்சினை உருவாக்கி, 2009-இல் இந்தியாவில் வெளியான 'கிளாசிக்' வண்டியில் பொருத்தினார்கள். இணைப்புகள் குறைந்தன, ஒழுக்கும் குறைந்தது. பொறுப்பேற்றதிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது ஆண்டுகள்!

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். குறையைத் திருத்தப் போனபோது அதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? புல்லட்டின் பழைய ரசிகர்களேதான். பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நம் காப்சாய் உட்பட உலகத்து வண்டிகள் எல்லாம் இதற்கு நேர்மாறு. மாற்றினால்தான் புதியவர்கள் வாங்குவார்கள். மாற்றினால் பழையவர்கள் கோபிப்பார்கள். அந்த 'டப், டப்' ஓசையும் அப்படித்தான். அது பழைய எஞ்சினோடு பிறந்தது. எஞ்சினை மாற்றி ஓசையைத் தொலைத்துவிட்டால் அது புல்லட்டே அல்ல என்றார்கள். ஆகவே புதிய எஞ்சினிலும் பழையபடி ஒற்றை உருளையை வைத்து, ஓசையை முடிந்த வரை காப்பாற்றப் பாடுபட்டார்கள். பழசு மாதிரி இல்லை என்று பெருமூச்சு விடுபவர்கள் இன்றும் உண்டு. எண்ணெய்த் தொட்டியின் பொன்னிறக் கோடுகளை மட்டும் திருவொற்றியூரில் கையாலேயே தீட்டி வந்தார்கள். கையால் செய்தது என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்ட வேண்டும்.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு இன்னும் நேராக விடை சொல்லும் ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகே, பிராங்க்ளின் பார்க் என்ற இடத்தில் மோட்டரோலா நிறுவனம் 'குவாசர்' என்ற தொலைக்காட்சிப் பெட்டியைச் செய்துவந்தது. 1974-இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம், அதாவது நம் வீடுகளில் நேஷனல், பானசோனிக் என்று அறிமுகமான நிறுவனம், அந்தத் தொழிற்சாலையை வாங்கியது. வாங்கிய காலத்தில் 100 பெட்டிகள் செய்தால் ஏறக்குறைய 150 குறைகள். பெட்டிக்கு ஒன்றரைக் குறை! சில ஆண்டுகளில் அது 100-க்கு நான்கைந்தாகக் குறைந்தது. வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களோ பெரும்பாலும் பழையவர்களே. அதே கைகள்தான். பெட்டியின் உள்ளமைப்பை எளிமையாக்கினார்கள், பாகங்களை வாங்கும்போதே சோதித்தார்கள், இயந்திரங்களைத் திருத்தினார்கள். நிர்வாகம் தன் வேலையைச் செய்தது.

தரம் பற்றிப் படிக்கிறவர்கள் உலகெங்கும் இந்த உதாரணத்தைச் சொல்வார்கள். நம் ஊர்த் தொழிற்சாலைக் கூட்டங்களில் மட்டும் இது ஏனோ அதிகம் காதில் விழுவதில்லை.

நம் தோட்டத்துக்கே வருவோம். 1965-க்கு முன்பு ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். அவ்வாண்டில் 'எஸ்.எம்.ஆர்.' என்ற மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. அதன்பின் ரப்பரில் எத்தனை அழுக்கு இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னார்கள். எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்கிற எண்களே அழுக்கின் அளவைக் குறிக்க வந்தவைதாம். கட்டியாக்கிய ரப்பரை உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்குள் அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. அந்தக் கருவிக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் சுற்றிலும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இரும்புத் துண்டு ஏதாவது அதற்குள் வந்தால் புலம் குலைந்து மணி அடிக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது கட்டிக்குள் ஆணி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்த ஆணி மங்கிலிருந்து வந்ததா, லாரிப் பலகையிலிருந்து வந்ததா, அரைக்கும் இயந்திரத்திலிருந்து கழன்று விழுந்ததா என்று அது சொல்லாது. அதை மனிதன்தான் வந்த வழியே திரும்ப நடந்து பார்க்க வேண்டும். கடைசியில் மணி அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனைத் திட்டிவிட்டுப் போகிற நிர்வாகத்தில் அடுத்த வாரமும் மணி அடிக்கும்.

மறுபடியும் சென்னைக்கு. நான் இதுவரை சொன்னதைக் கேட்டு, எல்லாம் சுபம் என்று எண்ணிவிடாதீர்கள். திருவொற்றியூர் பிழைத்தது, ஆனால் 1999-இல் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் தொடங்கிய தொழிற்சாலை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டது. ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைக் கைவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த குடும்பங்களுக்கு இந்தக் கதையின் நிறம் வேறு. 2005-இல் ஐஷர் தன் அடையாளமாக இருந்த டிராக்டர் தொழிலையே சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் கருத்தைச் செலுத்தியது.

வியாபாரம் பெருகியது உண்மை. 2014-ஆம் ஆண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. வாங்குவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரகடத்தில் 2013-இல் புதிய தொழிற்சாலை திறந்தார்கள், பிறகு வல்லம் வடகாலில் இன்னொன்று. ஆனால் அதே ஒரகடத்தில் 2018-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொருளின் தரம் உயர்ந்துவிட்டால் அதைச் செய்கிறவரின் நிலையும் தானாக உயர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வண்டியின் கதையில் நம் நாட்டைத் தொட்ட ஒரு செய்தியும் இருக்கிறது. 2021 மே மாதம், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்சுருளில் குறை இருக்கலாம் என்று நிறுவனம் தன் சோதனையில் கண்டது. குறிப்பிட்ட சில மாதங்களில் வாங்கிய சுருள்களில் மட்டும் அந்தக் குறை. 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அந்தப் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. உண்மையில் மாற்ற வேண்டியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே என்று கணித்திருந்தும் எல்லா வண்டிகளையும் அழைத்தார்கள். குறையே வராத தொழிற்சாலை உலகில் இல்லை, நேயர்களே. பழைய புல்லட்காரர் ஒழுக்கைத் தாமே துணியால் துடைத்துக்கொண்டார். இப்போது, நாங்கள் வாங்கிய பாகத்தில் குறை, வாருங்கள் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். எந்த மாதம் வாங்கிய பாகம் எந்த வண்டிக்குள் போயிற்று என்று எழுதி வைத்திருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். பெண்ணும் இருந்தாள்.

"என்னம்மா, உன் லைன்ல எந்த நேரத்துல ரிஜெக்ட் ஜாஸ்தியா வருது?"

"அப்படியெல்லாம் பார்த்ததில்ல சார். நாள் முடிஞ்சதும் மொத்தமா எண்ணிச் சொல்வாங்க. அப்புறம் ஏசுவாங்க."

"யார் கையில வருதுன்னு பார்க்காத. எந்த மெஷின், எத்தனை மணி, எந்தப் பெட்டியில வந்த சாமான், அதை மட்டும் எழுது."

என் பையில் இருந்த பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்குப் பாடத்துக்காக வாங்கி வைத்திருந்த சதுரக் கட்ட நோட்டு. அவள் தேநீர் இடைவேளையிலும் வேலை முடிந்த பிறகும் ஐந்து வாரம் எழுதினாள். தாயாருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனாலும் ஒவ்வோர் இரவும் நோட்டைத் திறந்து கட்டங்கள் நிரம்புவதைப் பார்ப்பாராம். நான்காம் வாரத்தில் பெண்ணுக்கே ஒன்று தெரிந்தது. குறைகள் நாள் முழுவதும் சமமாக வரவில்லை. ஒரே இயந்திரத்தில், அதுவும் அதை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலானவை வந்திருந்தன. அந்த இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள் மூன்று ஷிப்டிலும் வேறு வேறு ஆட்கள்.

போன வாரம் துணிச்சலாக நோட்டைப் புதிதாக வந்த பொறியியலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாராம். பிறகு உட்கார்ந்து புரட்டினாராம். நோட்டை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

"நல்லதுக்கா, கெட்டதுக்கான்னு தெரியல சார்" என்றார் தாயார்.

எனக்கும் தெரியவில்லை. இன்னொரு சதுரக் கட்ட நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.